ஹைட்ரசீனா, பச்சை எரிபொருளா? வினையூக்கியைப் பார்த்து முடிவெடுங்கள்

செயற்கைக்கோளைச் சற்றே தள்ளிவிடும் சிறு உந்துபொறிக்குப் பழைய வழி, ஹைட்ரசீன் என்ற நச்சுத் திரவ எரிபொருள். 1960களில் ஷெல் நிறுவனமும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமும் சேர்ந்து கொண்டுவந்த ஷெல் 405 வினையூக்கிதான் அதற்கு உயிர். அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மணிகளின் நுண்துளைகளுக்குள் இரிடியம் என்ற உலோகம் படிந்திருக்கும். வால்வு திறந்ததும் ஹைட்ரசீன் அதில் பட்டு, தீப்பொறி ஏதுமின்றி அம்மோனியா, நைட்ரஜன், ஹைட்ரஜன் என உடைந்து சீறும். அவசரமென்றால் முன்கூட்டியே சூடாக்காமலும் பொறி கிளம்பும். இந்தச் சமர்த்து போட்டியாளருக்குக் கிடையாது.

அந்தப் போட்டியாளர், ஸ்வீடனில் பிறந்த எல்எம்பி-103எஸ். நச்சு குறைந்தது என்பதால் ‘பச்சை எரிபொருள்’. அம்மோனியம் டைநைட்ரமைடு கலவை. 2010இல் பிரிஸ்மா செயற்கைக்கோளில் பறந்தது. அதே அளவு தொட்டியில் சுமார் 30 சதவீதம் கூடுதல் உந்தம் தரும். ஹைட்ரசீன் நிரப்புகிறவர் முழு உடல் கவசத்தோடு, தனிக் காற்றைச் சுவாசித்தபடி நிற்க வேண்டும். இதில் அந்தக் கெடுபிடி வெகுவாகக் குறைகிறது.

சரி, சிக்கல் எங்கே? வினையூக்கியில்தான். புதிய எரிபொருளுக்கு முதலில் அதை மின்சாரத்தால் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கியாக வேண்டும். அப்புறம் அறைக்குள் வெப்பம் 1,600 டிகிரியை எட்டும். அந்தச் சூட்டில் சாதாரண அலுமினாவின் துளைகள் மூடிக்கொள்ளும். அதற்குப் பதிலாக வெப்பம் தாங்கும் பீங்கானை ஆய்வகம் மட்டும் கண்டுபிடித்தால் போதாது, பொறி தயாரிப்பவரின் சோதனை மேடையில் அது ஆயிரக்கணக்கான துடிப்புகளை, அதாவது பொறியின் குறுகிய இயக்கங்களை, தாண்ட வேண்டும்.

இடம் குறைந்த சிறிய செயற்கைக்கோளுக்கு நான் புதியதையே எடுப்பேன். மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகச் செலவழிக்கும் தொலைதூரப் பயணத்துக்கு, இப்போதைக்கு ஹைட்ரசீன்தான்.