கறுப்புப் பூச்சு உரித்த 1095 கத்தி: வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஒன்றரை வருடம்

பூச்சை உரிக்க ஒரு பின்னேரம் போதும். உரித்த உருக்கைக் கறள் பிடிக்காமல் கொழும்பில் வைத்திருப்பதுதான் பெரிய வேலை.

கத்தி 1095 கார்பன் உருக்கு. 5 அங்குல அலகு, ஏறக்குறைய 4.8 மில்லிமீற்றர் தடிப்பு, மேலே சொரசொரப்பான கறுப்புப் பவுடர் கோட்டிங். தடி பிளக்கும்போது அந்தச் சொரசொரப்பு மரத்தில் இழுபடும். உரித்த பிறகு அலகு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. உரிக்க அந்த ஒரு காரணமே போதும்.

பூச்சு எதுவென்று முதலில் பாருங்கள். பவுடர் கோட்டிங்கும் எபொக்சியும் பெயின்ட் ரிமூவருக்கு இளகும். டிஎல்சி போன்ற மெல்லிய கடினப் பூச்சு அசையாது, அதை விட்டுவிடுங்கள். வெறும் கறுப்பு ஒக்சைட் என்றால் வினாகிரியே கழற்றிவிடும்.

ஹாட்வெயார் சாமானுக்குப் பழைய சோனகத் தெருவே வசதி. ரிமூவர் ஜெல்லாக இருக்கவேண்டும். தண்ணிபோல் இருப்பது வழிந்தோடிவிடும். கைப்பிடித் தகடுகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஜெல்லை 2 மில்லிமீற்றர் தடிப்பாகப் பூசிப் பொலித்தீனால் சுற்றுங்கள். இந்த வெக்கையில் சுற்றாவிட்டால் வேலை செய்யுமுன் ஜெல் காய்ந்துபோகும். 40 நிமிடத்தில் பூச்சு சுருங்கி எழும்பும். பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். எழுத்துப் பொறித்த இடத்துக்கு இரண்டாம் தடவை பூச வேண்டிவரும். மெதிலீன் குளோரைட் கலந்த ரிமூவர் மெல்லிய லேட்டெக்ஸ் கையுறையை ஊடுருவும். அதன் ஆவி காற்றைவிடப் பாரம், தாழ்ந்த இடத்தில் தேங்கும். பிளட்டில் இருப்பவர்கள் குளியலறைக்குள் இதைச் செய்யவே வேண்டாம், உயிராபத்து.

உள்ளே பளபளப்பான உருக்கு இருக்காது. சூட்டுப் பதப்படுத்தலில் மேற்பரப்பு கார்பனை இழந்து உண்டான சாம்பல் தோலும் தொழிற்சாலைச் சாணைக் கோடுகளும்தான் இருக்கும். கத்தியின் வெட்டும் வாய்க்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, தட்டையான மரக்கட்டையில் சுற்றிய சாண்ட்பேப்பரால் 120, 220, 400, 600 என்று போங்கள். ஒவ்வொரு தாளையும் முந்தைய கோடுகளுக்குக் குறுக்காகத் தேய்த்தால், பழைய கோடு போய்விட்டதா என்பது தெரியும். நேரத்தில் பாதிக்குமேல் 120 தாளுக்கே போகும். அங்கே அவசரப்பட்டால் ஆழக்கோடுகள் 600இல் பல்லிளிக்கும். கிரைண்டர் கூடாது. 1095ஐக் கடினமாக்கிய பிறகு ஏறக்குறைய 200 பாகை செல்சியசில்தான் திரும்பச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். அலகில் நீலநிறம் தெரிந்தால் 300 பாகையை எட்டிவிட்டது, அந்த இடம் மெதுமையாகிவிட்டது என்று அர்த்தம். திரும்பப் பதப்படுத்தாமல் அதை மீட்க முடியாது.

வெற்று உருக்கை அப்படியே விட்டால் மறுநாள் காலையே செம்மஞ்சள் புள்ளி தெரியும். அதனால் பட்டினா, அதாவது கறளைத் தடுக்கும் கருநிறப் படலம், கட்டாயம். அசிட்டோனால் துடைத்த பிறகு விரல் படக்கூடாது, பட்ட இடம் வெளிறி நிற்கும். சூடாக்கிய வெள்ளை வினாகிரியில் 20 நிமிடம் வையுங்கள். 5 நிமிடத்துக்கொருதரம் எடுத்துக் கறுப்பு அழுக்கைத் துடையுங்கள். இராமுழுக்க ஊறவிட்டால் அலகு குழிவிழும். அடுத்தது அரை லீற்றரில் நாலு மேசைக்கரண்டி தேயிலைத்தூள் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்ட கடுஞ்சாயம். அதில் இரண்டு மூன்று மணித்தியாலம். சாயத்தின் தனின் இரும்போடு சேர்ந்து நீலக்கறுப்பாகப் படியும். கடைசியில் அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவுங்கள்.

ஒரு தென்மேல் பருவமழை முழுக்கக் கடந்தபின் நிலவரம்: பட்டினா உள்ள பரப்பில் கறள் அரிது, வந்தாலும் எண்ணெய்த் துணிக்குப் போய்விடுகிறது. மோசமான இடம் கைப்பிடித் தகடுகளின் அடிப்பகுதி. அங்கிருந்த பூச்சையும் உரித்தது பிழை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதை விட்டிருக்கவேண்டும். இப்போது மூன்று மாதத்துக்கொருமுறை தகட்டைக் கழற்றி கிறீஸ் பூசவேண்டியிருக்கிறது. தோலுறையும் உதவாது, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். உறை, வெட்டு வேலைக்குக் கொண்டுபோகும்போது மட்டும். வீட்டில் கத்தி வெளியில் இருக்கட்டும்.

தேசிக்காய், மாங்காய் வெட்டினால் பட்டினா நிறம் மாறும். ஆரம்பத்தில் வெட்டிய வெங்காயம் கறுத்தது, சில மாதத்தில் அது குறைந்தது. உணவும் வெட்டுவதென்றால் பார்மசியில் கிடைக்கும் லிக்குவிட் பரபினைப் பூசுங்கள். தேங்காய் எண்ணெயும் ஆகும், ஆனால் நாள்பட்டால் காறல் மணம் வரும். எதுவானாலும் கழுவித் துடைத்து, மின்விசிறிக் காற்றில் பத்து நிமிடம் உலரவிட்ட பிறகுதான் பூசவேண்டும். ஈரத்துக்கு மேல் பூசினால் எண்ணெய்க்கு அடியிலேயே கறள் ஏறும்.