மைலேஜ் கூட்டித் தருகிறோம் என்று என்னிடம் 18,000 ரூபாய் வாங்கிய கதை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் டீசல் வண்டி வைத்திருப்பவர்கள், முக்கியமாக வாடகைக்கு ஓட்டுபவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் (இசியு) மென்பொருளை மாற்றி எழுதுவதை ரீமேப் என்பார்கள். ‘ரீமேப் செய்தால் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கூடும்’ என்று உறுதி சொல்லி என்னிடம் 18,000 ரூபாய் வாங்கினார்கள். மைலேஜ் கூடவில்லை, இருந்ததும் குறைந்தது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் கூடிவிட்டது என்று எப்படிக் கணக்குக் காட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

என்னுடையது ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. சிகிச்சைக்கு வருபவர்களைச் சென்னை விமான நிலையத்திலிருந்தும் காட்பாடி ஜங்ஷனிலிருந்தும் கூட்டி வருவது, அப்புறம் திருப்பதி, திருவண்ணாமலை சவாரி. கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் டீசல் என்பதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் மாதம் ஓடுகிறது. அதனால் டீசல் போடும்போதெல்லாம் நோட்டில் எழுதி வைப்பேன். சராசரியாக லிட்டருக்கு 13 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்துகொண்டிருந்தது.

கடையில் சொன்னது இது: ‘கம்பெனிக்காரன் இன்ஜினை அமுக்கி வெச்சிருக்கான்ணா. நாங்க திறந்து வுடறோம். ஸ்கிரீன்லயே பாரு, நாங்க சொல்ல வேணாம்.’

முதலில் டேஷ்போர்டில் மைலேஜ் கணக்கை அழித்துவிட்டு, மாலை நெரிசலில் கிரீன் சர்க்கிளிலிருந்து காட்பாடி வரை ஓட்டச் சொன்னார்கள். ஏசி ஓடுகிறது, வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகிறது. 11 காட்டியது. ‘இதான் உங்க பழைய மைலேஜ்’ என்று தாளில் எழுதிக்கொண்டார்கள். ரீமேப் செய்த மறுநாள் விடியற்காலையில் பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் 60 வேகத்தில், ஏசி இல்லாமல், தலைமை மெக்கானிக்கே ஓட்டினார். 18 காட்டியது. பணத்தை வாங்கிக்கொண்டார்கள்.

நெரிசலையும் காலி நெடுஞ்சாலையையும் பக்கத்தில் வைத்தால், எதுவும் செய்யாத வண்டிகூட அந்த வித்தியாசத்தைக் காட்டும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. டேஷ்போர்டில் வரும் மைலேஜ், டேங்கிலிருந்து குறைந்த டீசலை அளந்து வருவதல்ல. இன்ஜெக்டர் வழியாக இவ்வளவு டீசல் விட்டிருக்கிறோம் என்று இசியு தானே போடும் கணக்கு அது. ரீமேப் என்பது அந்த இசியுவுக்குள் இருக்கும் அட்டவணைகளை மாற்றுவதுதான். டீசல் அழுத்தத்தையும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தையும் மாற்றும்போது, அளவுக் கணக்கையும் சரியாகத் திருத்தாவிட்டால் திரை பொய் சொல்லும். மாற்றி எழுதியவர்களே அந்தத் திரையைச் சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

என் நோட்டில் வந்த கணக்கு வேறு. ரீமேப்புக்கு அப்புறம் ஒரு டேங்க் கூட 12-ஐத் தொடவில்லை. இழுவை கூடியது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த இழுவை கூடுதல் டீசலை எரித்துத்தான் வந்தது. மேடு ஏறும்போது கரும்புகை, சில வாரத்தில் இன்ஜின் விளக்கும் எரிந்தது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்தபோது, இஜிஆர் வால்வை மென்பொருளிலேயே மூடியிருப்பது தெரிந்தது. புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பி, எரியும் வெப்பத்தைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களைக் கட்டுப்படுத்தும் பாகம் அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மூடியிருக்கிறார்கள். இன்ஜினுக்கு நீட்டித்து வாங்கியிருந்த வாரன்டி இனி செல்லாது என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்துவிட்டார்கள். பழைய ஃபைலையே திரும்ப ஏற்றிக் கொடுங்கள் என்று கடைக்குப் போனால், அதற்கு 6,000 ரூபாய் கேட்டார்கள். அதட்டிக் கேட்டதும்தான், பழைய ஃபைலைச் சேமிக்கவே இல்லை என்ற உண்மை வெளியே வந்தது. கடைசியில் சர்வீஸ் சென்டரில் தனியாகச் செலவு செய்து கம்பெனி மென்பொருளை ஏற்றினேன். மைலேஜ் பழைய நிலைக்கு வந்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு, இரண்டும் சேர்ந்தும் வரலாம். அது வண்டி உரிமையாளர் தலையில்தான் விழும். புகைச் சோதனையில் தோற்றாலும் ரோட்டில் நிற்கப்போவது நாம்தான், கடைக்காரர் அல்ல.

யாராவது மைலேஜ் கூட்டுகிறேன் என்றால், ஒத்துக்கொள்ளும் முன்பே உங்கள் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெட்ரோல் பங்கில், முடிந்தால் ஒரே பம்பில், டீசல் போடும் துப்பாக்கி முதல்முறை தானாக நிற்கும் வரை டேங்க் ஃபுல் செய்யுங்கள். ஓடோமீட்டரை எழுதுங்கள். டேங்க் பாதிக்கு மேல் காலியான பிறகு அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை இப்போது போட்ட லிட்டரால் வகுங்கள். நிரப்புவதில் இரண்டு லிட்டர் முன்னே பின்னே போனால், 40 லிட்டரில் 5 சதவீதம் தப்பு வந்துவிடும். ஒரு டேங்கை மட்டும் நம்பாமல் பல டேங்குகளின் சராசரியை எடுங்கள். டயர் காற்று, பாரம், ஏசி, போகும் பாதை எல்லாம் முன்பும் பின்பும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். 40 டிகிரி கொளுத்தும் வேலூர் மே மாதக் கணக்கை மார்கழிக் கணக்கோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது.

கணக்கை ரூபாயில் போடுங்கள். டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 கொடுக்கும் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 7.75 ரூபாய், 14 கொடுத்தால் 6.64. மிச்சம் 1.11 ரூபாய். உண்மையிலேயே இரண்டு கிலோமீட்டர் கூடினாலும், 18,000 ரூபாயை எடுக்க 16,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். ஏற்கெனவே 20 கொடுக்கும் சின்ன வண்டி 22 ஆனால், 100 கிலோமீட்டருக்கு அரை லிட்டர்கூட மிச்சமாகாது. 10 கொடுத்த வண்டி 12 ஆனால் 1.67 லிட்டர் மிச்சம். ‘ரெண்டு கூடும்’ என்பது இரண்டு வண்டிக்கும் ஒன்றல்ல.

பெட்ரோல் வண்டிக்காரர்களே, 20 சதவீத எத்தனால் கலப்பால் இறங்கிய மைலேஜை ட்யூனிங் மீட்டுத் தரும் என்று சொன்னால் நம்பாதீர்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. எரிபொருளில் இல்லாததை மென்பொருள் கொண்டுவந்துவிடாது. ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனரைச் செருகும் இடம்) செருகும் ‘ஃபியூவல் சேவர்’ டப்பாவும் வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்தும், மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டியது ஒன்றுகூட இல்லை.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. நான் டீசல் நோட்டின் நகல், பங்க் பில்கள், சர்வீஸ் சென்டரின் ஸ்கேன் அறிக்கை மூன்றையும் புகாரோடு இணைத்திருக்கிறேன். புகார் போனதும் கடையிலிருந்து ஆள் வந்து, ‘பாதிப் பணம் தரோம்ணா, வாபஸ் வாங்கிடு’ என்றார். முழுத் தொகையும் சர்வீஸ் சென்டர் செலவும் வராமல் வாபஸ் வாங்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.