கொழும்புத் துறைமுக வாயிலில் ‘யானைத் திருவிழா’ என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்

கப்பல் சுற்றுலாவில் கொழும்பில் இறங்கி ஊரை நடந்து பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன டிசம்பரில் அப்பா அம்மாவோடு போயிருந்தேன். எங்களை ஏமாற்றிய அதே முறையில் எங்கள் கப்பலில் வந்த இன்னும் சிலரும் பணத்தை விட்டிருக்கிறார்கள்.

துறைமுக வாயிலைத் தாண்டினால் யார்க் வீதி. அங்கிருந்து புறக்கோட்டைக் கடைவீதி நடை தூரம்தான். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஜாமி உல் அல்ஃபார் பள்ளிவாசல், அப்புறம் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்கள். இதுதான் எங்கள் திட்டம்.

பத்தடி நடப்பதற்குள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார். நல்ல தமிழ். எங்கள் கழுத்தில் தொங்கிய கப்பல் அட்டையைப் பார்த்துவிட்டு, “உங்க கப்பலுக்கு மீன் குடுக்கிறதே நான்தான்” என்றார். “புறக்கோட்டையில இன்னைக்குக் கடையெல்லாம் பூட்டு அண்ணே. கங்காராமயவில பெரஹரா, யானையெல்லாம் வருது. பன்னெண்டு மணியோட முடிஞ்சிடும்” என்றார். கங்காராமய என்பது ஒரு புத்த விகாரை, பெரஹரா என்றால் யானைகளோடு வரும் திருவிழா ஊர்வலம். பேச்சோடு பேச்சாக, கப்பல் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்றும் கேட்டுக்கொண்டார். அவர் கையைக் காட்டியதும் ஆட்டோ வந்து நின்றது. 500 ரூபாய் என்று பேச்சு.

விகாரையில் திருவிழாவும் இல்லை, ஊர்வலமும் இல்லை. “இப்பத்தான் முடிஞ்சது” என்றார் ஓட்டுநர். கங்காராமயவின் நவம் பெரஹரா 1979 முதல் நடக்கிறது. அது பிப்ரவரிப் பௌர்ணமியை ஒட்டி வருவது. டிசம்பரில் ஏது?

அடுத்து, கேட்காமலே ஒரு ரத்தினக் கடை வாசலில் ஆட்டோ நின்றது. ஏசி அறை, தேநீர், வெல்வெட் தட்டில் நீலக்கல். “இது கவர்மெண்ட் கடை, இன்னைக்கு மட்டும் வரி கிடையாது” என்று அம்மாவின் கையிலேயே மோதிரத்தை மாட்டிவிட்டார்கள். நாங்கள் வாங்கவில்லை. எங்கள் மேசையில் சாப்பிட்ட ஒரு தம்பதி இதேபோல ஒரு கடையில் சான்றிதழோடு வாங்கிய கல்லைச் சென்னையில் சோதித்தபோது அது கண்ணாடி என்று தெரிந்தது. இலங்கையில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை என்ற அரசு நிறுவனமே கல்லைச் சோதித்துத் தருகிறது. ‘அங்கே காட்டிவிட்டு வாங்குகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள், கடைக்காரர் முகம் மாறுகிறதா என்று தெரியும்.

கடையில் எதுவும் வாங்காததால் ஓட்டுநரின் தொனியே மாறிவிட்டது. துறைமுகத்துக்குப் போகாமல் ஓரமாக நிறுத்தி, ஆளுக்கு 3,000, காத்திருந்ததற்குத் தனியாக என்று கணக்குச் சொன்னார். “கப்பல் நாலு மணிக்குத்தானே?” என்று கேட்டார். காலையில் அந்த மனிதர் எதற்காக நேரம் கேட்டார் என்பது அப்போது புரிந்தது. முழங்கால் வலியோடு உட்கார்ந்திருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டதைக் கொடுத்தேன். வயதானவர்களைப் பயமுறுத்திப் பணம் பறித்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதை வைத்து ஊரையே குறை சொல்ல மாட்டேன். நடக்க அருமையான ஊர். ஆட்டோ வேண்டுமானால் பிக்மீ செயலியில் கூப்பிடுங்கள், கட்டணம் முன்கூட்டியே தெரிந்துவிடும். கப்பல் அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கப்பல் எப்போது கிளம்புகிறது என்று யார் கேட்டாலும், இரவு இங்கேதான் தங்குகிறோம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.