கேர்ள் குரூப்பில் பாடும் பெண்ணுக்கு முதல் மைக்: ஷூர் எஸ்எம்58

வியாசர்பாடி, பெரம்பூர், ராயபுரம் பக்கம் நாலைந்து பெண்கள் சேர்ந்து பாடி ஆடும் குழு தொடங்கினால், முதல் காசு ஒரே மாதிரி உடைக்குப் போகிறது, அடுத்தது ஷூவுக்கு. மைக் மட்டும் மைக் செட்காரர் கொண்டுவருவதுதான். இது தலைகீழ். மூன்று நிமிடப் பாட்டை ஐந்து பேர் பிரித்தால் ஒருத்திக்கு 36 விநாடி. சேர்ந்து பாடும் பல்லவியைக் கழித்தால் இருபது தேறுவதே கஷ்டம். அதற்குள் ‘இது யார் குரல்?’ என்று கூட்டம் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

குழு கலையும், குரல் நிற்கும். சேனல் வி-யின் பாப்ஸ்டார்ஸ் போட்டியிலிருந்து 2002-ல் வந்த வீவா என்ற பெண்கள் பாட்டுக் குழு சில வருடங்களிலேயே முடிந்துபோனது. அதில் இருந்த நேஹா பாசின் 2007-ல் ‘சத்தம் போடாதே’ படத்துக்காக யுவன் சங்கர் ராஜா இசையில் பாடினார். வீவா என்ற பெயரே தெரியாதவர்களுக்கும் அந்தக் குரல் தெரியும். நம் ராயபுரத்து இசைவாணி, தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் மேடையில் அத்தனை ஆண் குரல்களுக்கு நடுவே தனித்துக் கேட்டவர். 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இப்போது பிள்ளைகள் பின்தொடரும் கேட்ஸ்ஐ என்ற கேர்ள் குரூப்பில், தமிழ் வேர் கொண்ட அமெரிக்கப் பெண் லாரா ராஜ் ஆறு பேரில் ஒருவர். ஆறு பேர் நடுவில் தன் வரி வரும்போது அது தெளிவாகக் கேட்பதுதான் பிழைப்பு. அதற்காகத்தான் இந்த மைக்கைச் சொல்கிறோம்.

ஷூர் கம்பெனியின் எஸ்எம்58 சந்தைக்கு வந்தது 1966-ல். டைனமிக் வகை. பேட்டரி, பேன்டம் பவர் (மிக்ஸர் ஒயர் வழியாக அனுப்பும் கரன்ட்) எதுவும் வேண்டாம். எடை 298 கிராம். 50 ஹெர்ட்ஸ் அடிச் சத்தம் முதல் 15,000 ஹெர்ட்ஸ் கீச்சுச் சத்தம் வரை எடுக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் தானாகவே இறங்கும், 4,000 ஹெர்ட்ஸைச் சுற்றி மேடு, அதாவது சத்தம் தூக்கலாக இருக்கும். தமிழுக்கு இந்த மேடு நன்றாகப் பொருந்துகிறது. கானாவில் வேகமாகக் கொட்டும் ‘ட’, ‘க’, ‘ற’ எல்லாம் பறை, டோலக் சத்தத்தைத் தாண்டி வெளியே வரும். கீச்சுக்குரல் பெண்ணுக்கு மட்டும் ‘ச’, ‘ஸ’ கொஞ்சம் கூர்மையாக விழும். மிக்ஸரில் டிரெபிளை ஒரு கோடு இறக்கினால் போதும்.

பிடிக்கும் முறைதான் பாதி மைக். தலையில் உள்ள வலை உருண்டைக்குக் கீழே, கைப்பிடியின் நடுவில் பிடிக்க வேண்டும். உருண்டையைக் கையால் பொத்திப் பிடிப்பது ராப் வீடியோக்களில் அழகாகத் தெரியும். ஆனால் மைக்கின் பின்பக்கச் சத்தத்தைத் தள்ளிவிடும் துளைகள் அந்த வலைக்குள்தான் இருக்கின்றன. அவற்றை மூடினால் எல்லாப் பக்கமும் கேட்கிற மைக்காக மாறி, குரல் மூக்கடைத்து, உடனே ஸ்பீக்கர் கீச்சென்று கூவ ஆரம்பிக்கும். கூவினதும் ஆபரேட்டர் வால்யூமை இறக்குவார். போனது உங்கள் இருபது விநாடி.

சாதாரண வரிக்கு உதட்டிலிருந்து இரண்டு விரல் தூரம். உச்ச ஸ்தாயிக்கு ஒரு சாண் வரை இழுக்கலாம், அதற்கு மேல் குரல் காணாமல் போகும். உதட்டை ஒட்டி, சுமார் 6 மில்லிமீட்டரில் பாடினால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 6 முதல் 10 டெசிபெல் வரை ஏறும். மெல்லிய குரலுக்கு இது சதை கொடுக்கும், தாழ்ந்த குரலைக் குழப்பிவிடும். ‘ப’, ‘பா’ வெடித்தால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மூலையிலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். ஆடும்போது முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்தால் தலை திரும்பும் பக்கம் மைக்கும் திரும்பும். கழுத்து மட்டும் திரும்பினால் பாதி வார்த்தை காற்றில் போய்விடும். ஒத்திகையிலேயே மைக்கோடு ஆடுங்கள். ஸ்டீல் டம்ளரைப் பிடித்து ஆடிப் பழகிவிட்டு, மேடையில் முதல் முறையாக 298 கிராமைத் தூக்கினால் இரண்டாவது பாட்டிலேயே கை இறங்கிவிடும்.

இந்த மைக் நேர் பின்னால்தான் மிகக் குறைவாகக் கேட்கும். சாய்த்துப் பிடித்தால் வால் கீழ்நோக்கி முன்னால் போகும், அதனால் பாடுகிறவருக்கே அவர் குரலைக் கேட்கவைக்கும் மானிட்டர் பாக்ஸ் அவர் எதிரே தரையில் இருக்க வேண்டும். ஆடி மாசக் கூழ் திருவிழா மேடைகளில் பாக்ஸை இரண்டு பக்கமும் அடுக்கி, பெண்கள் ஆடிக்கொண்டே அதன் முன்னால் போகும்போது கூவுகிறதே, அதற்கு எந்த மைக்கும் மருந்தில்லை. பாக்ஸுக்கு இரண்டடி பின்னால் தரையில் டேப் ஒட்டி, அந்தக் கோட்டைத் தாண்டாமல் ஸ்டெப் போடுங்கள்.

திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், கூவாமல் ஏற்றக்கூடிய வால்யூம் 3 டெசிபெல் குறையும். ஒன்றுக்குப் பதில் நாலு என்றால் 6 டெசிபெல் போச்சு. ஆகவே பாடாதவரின் சேனலை ஆபரேட்டர் அடைக்க வேண்டும். அதற்கு யார் எந்த வரி என்று எழுதின ஒரு தாளை முன்கூட்டியே அவர் கையில் கொடுங்கள். சுவிட்ச் வைத்த எஸ்எம்58எஸ் வாங்கலாமா என்று கேட்பார்கள். குழுவுக்கு வேண்டாம். ஆடுகிற வேகத்தில் கட்டைவிரல் பட்டு ஆஃப் ஆகிவிடும், யாருக்கும் தெரியாது.

குறை சொல்லவேண்டிய இடங்களும் உண்டு. வீட்டில் லேப்டாப்பில் பதிவு செய்ய இது சோம்பேறி மைக். மென்மையாகப் பாடினால் 60 டெசிபெல் வரை கெயின், அதாவது பெருக்கம் கேட்கும். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் விலை குறைந்த ஆடியோ இன்டர்ஃபேஸில் அவ்வளவு ஏற்றினால் இரைச்சல்தான் மிஞ்சும். கிசுகிசுப்பாகப் பாடும் பாட்டுக்கு, மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக்தான். இன்னொன்று ஒயர். நாலு ஒயரோடு இடம் மாறும் ஸ்டெப் போட்டால் கட்டாயம் பின்னிக்கொள்ளும். அதிகம் இடம் மாறுகிற குழுவுக்கு ஒயர்லெஸ் வேண்டும். வாங்கும்போது ஒவ்வொரு மைக்கும் வேறு வேறு அலைவரிசையில் இருக்கிறதா என்று நாலையும் ஒரே நேரத்தில் ஆன் செய்து பார்த்துதான் காசு கொடுக்க வேண்டும்.

விலை பத்தாயிரத்தை ஒட்டி வரும். கேபிள் தனி. டிராலி ஸ்பீக்கரில் பி38 (கால் அங்குல ஒற்றை ஜாக்) ஓட்டைதான் இருக்கும், மைக்கில் உள்ள மூன்று பின் எக்ஸ்எல்ஆர் இருக்காது. எக்ஸ்எல்ஆரிலிருந்து பி38-க்கு ஒயர் அடிக்கும்போது 2-ஆம் பின்னை நுனிக்கும், 1, 3 இரண்டையும் சேர்த்து எர்த்துக்கும் சாலிடர் செய்யச் சொல்லுங்கள். ஐந்து மீட்டருக்கு மேல் வேண்டாம், நீண்டால் ‘ம்ம்ம்’ என்று கரன்ட் சத்தம் ஏறும்.

போலி ஏராளம். ‘பாதி விலை’ என்றாலே சந்தேகப்படுங்கள். மளிகைக் கடைத் தராசில் வையுங்கள், 298 கிராமிலிருந்து வெகுவாகக் குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். உருண்டையைக் கழற்றி, குரலைப் பிடிக்கும் கேப்சூலைத் திருகி எடுத்தால், அசலில் கைப்பிடிக்குள் டிரான்ஸ்ஃபார்மரைப் பசை ஊற்றி அடைத்திருப்பார்கள். காலியாக இருந்தால் போலி. இதையும் நகல் செய்கிறவர்கள் இருப்பதால், அசல்தான் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஒரே ஸ்பீக்கரில் இரண்டிலும் பாடிக் கேட்பதே உறுதியான சோதனை. பில் கட்டாயம் வாங்குங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர் உப்புக்காற்றுக்கு வலை துருப்பிடிக்கும். பாடி முடித்ததும் வேர்வையைத் துணியால் துடைத்து, பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை உருண்டையைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பான்ஜோடு சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் கழுவலாம். கேப்சூல் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நாளில் காயாது, இரண்டு நாள் ஃபேன் காற்றில் விடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் நாற்றம் வரும், சத்தம் மந்தமாகும். கீழே விழுந்து உருண்டை நசுங்கினால் ஆர்கே143ஜி என்ற மாற்று உருண்டை, உள்ளே கேப்சூலே போனால் ஆர்59 என்ற மாற்று கேப்சூல். இரண்டும் தனியாகக் கிடைக்கும், முழு மைக்கையும் தூக்கிப்போட வேண்டாம்.

ஒவ்வொருத்தியின் மைக் அடியிலும் வேறு வேறு நிற இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றுங்கள், மிக்ஸர் சேனலிலும் அதே நிறம். சிவப்பு எப்போதும் சிவப்புக்காரிக்கே. அப்போதுதான் அவள் குரலுக்கு வைத்த டிரெபிள், பாஸ் அடுத்தவள் மேல் விழாது, ஒருத்திக்குச் சளி பிடித்தால் நாலு பேருக்கும் ஒட்டாது.