ராஃபிள்ஸா, ஈ அண்ட் ஓ-வா? கடலைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்

அப்பாவுக்கு 75 நிறைந்தபோது எங்காவது அழைத்துப் போக வேண்டும் என்று நானும் தம்பியும் பேசிக்கொண்டோம். அப்பா கும்பகோணத்தில் முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவர். ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் கதைகளை எத்தனை பேட்ச் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று அவருக்கே கணக்கு தெரியாது. அதனால் மாம் தங்கிய ஹோட்டல் ஒன்றுக்குப் போவது என்று சீக்கிரமே முடிவாகிவிட்டது. எந்த ஹோட்டல் என்பதில்தான் பேச்சு இழுத்தது. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான், அவன் ராஃபிள்ஸ் என்றான். எனக்கு மலேசியாவில் பினாங்கில் இருக்கிற ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் மேல் கண். அதை எல்லாரும் ஈ அண்ட் ஓ என்றுதான் சொல்கிறார்கள். கடைசியில் ஈ அண்ட் ஓ-வில் மூன்று இரவு தங்கினோம், ராஃபிள்ஸில் ஒரு மதியம் முழுக்க இருந்தோம். ராஃபிள்ஸில் நான் இரவு தங்கியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே அறைக்குள் எப்படி என்பதில் என் பேச்சுக்கு எடை குறைவு.

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஈரானின் இஸ்ஃபஹானிலிருந்து கிழக்கே வந்த ஆர்மீனியர்களான சார்கீஸ் சகோதரர்கள் முதலில் 1885இல் பினாங்கில் ஒரு ஹோட்டலைத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு ஈ அண்ட் ஓ ஆனது. இரண்டு வருஷம் கழித்து, 1887இல், சிங்கப்பூரில் கடற்கரையோரமாக இருந்த ஒரு பங்களாவைக் குத்தகைக்கு எடுத்துப் பத்து அறைகளோடு ராஃபிள்ஸைத் திறந்தார்கள். அப்புறம் 1901இல் ரங்கூனில் ஸ்ட்ராண்ட். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வருகிறவர்கள் இறங்குகிற துறைமுகங்களில் எல்லாம் கடை விரித்தவர்கள்.

ஆக, வந்து தங்கிய பிரபலங்களை வைத்து இரண்டையும் பிரிக்கப் பார்த்தால் நடக்காது. மாம் இரண்டிலும் தங்கியவர். நாடகாசிரியர் நோயல் கவர்டும் அப்படியே. ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1911இல் வந்தபோது பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இந்த இரண்டு ஹோட்டல்களில்தான் இறங்கினார். ஹெஸ்ஸேயின் அம்மா பிறந்தது தலச்சேரியில். அம்மாவைப் பெற்ற தாத்தாதான் மலையாள அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட். இவ்வளவு தூரம் கப்பலேறி வந்த பேரன் இலங்கை வரைக்கும் போனார், தாத்தா வாழ்ந்த மலபார்க் கரையை மட்டும் பார்க்காமலே திரும்பிவிட்டார். இதை அப்பா சொன்னபோது அந்தப் பயணத்தின் மேல் எனக்கே ஒரு வருத்தம் வந்தது.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். விலையில் போட்டியே இல்லை. ராஃபிள்ஸில் ஓர் இரவுக்கு ஆயிரம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டுகிறது. நாங்கள் பார்த்த தேதிகளில் அந்த ஒரு இரவுக் காசில் பினாங்கில் மூன்று இரவும் அடங்கி, கையில் மிச்சமும் இருந்தது. கட்டடத்தின் கம்பீரத்தில் ராஃபிள்ஸ் ஒரு படி மேல். 1899இல் எழுந்த அந்த வெள்ளை முகப்பும், வாசலில் தலைப்பாகையோடு நிற்கிற சீக்கிய வாயிற்காவலரும், உள்முற்றத்துப் பனைகளும் எந்தப் பக்கம் திரும்பினாலும் அழகு. அங்கே இருக்கிற லாங் பார் என்ற மதுக்கூடத்தில் நிலக்கடலைத் தோலைத் தரையிலேயே போடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. சிங்கப்பூர் ஸ்லிங் என்ற மதுக்கலவை பிறந்த இடம் என்பதால் கூட்டத்துக்கும் குறைவில்லை.

சரி, எங்களுக்கு எது முடிவைத் தந்தது என்பதற்கு வருகிறேன்.

இந்த மாதிரி ஹோட்டலுக்குப் போகிறவர் மனதில் ஓர் ஆசை இருக்கும்: அந்த எழுத்தாளர் உட்கார்ந்த இடத்தில் நாமும் உட்கார வேண்டும், அவர் பார்த்ததை நாமும் பார்க்க வேண்டும். முதல் பாதி பெரும்பாலும் நடக்காது. ராஃபிள்ஸை 1989இல் மூடி 1991இல் திறந்தார்கள், மறுபடி வேலை செய்து 2019இல் திறந்தார்கள். ஈ அண்ட் ஓ-வும் 1996இல் மூடி, 2001இல்தான் திறந்தது. கட்டில், நாற்காலி, குளியலறை எல்லாமே புதிது. கதவில் மாம் பெயர் எழுதிய சூட் என்று கூடுதலாக வாங்கும் காசுக்கு, அந்தப் பெயர்ப்பலகையைத் தவிர என்ன கிடைக்கும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் இரண்டாவது பாதி, அவர் பார்த்ததை நாம் பார்ப்பது, நடக்கக்கூடியது. அது சன்னலுக்கு வெளியே இருக்கிறது.

ருட்யார்ட் கிப்ளிங் 1889 வாக்கில் ராஃபிள்ஸுக்கு வந்தபோது எழுதியது பிரபலம். ராஃபிள்ஸில் சாப்பிடுங்கள், வேறு ஹோட்டலில் தூங்குங்கள் என்று எழுதியிருந்தார். ஹோட்டல்காரர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்து விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்போது இருந்தது பழைய பங்களா, அதனால் அறையைப் பற்றி அவர் சொன்ன குறை இன்றைக்குப் பொருந்தாது. எனக்கு முக்கியமாகப் பட்டது அதே இடத்தில் இருக்கிற இன்னொரு செய்தி. ஐந்து மைல் நீளத்துக்குக் கப்பல்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே கடற்கரை வழியாக ராஃபிள்ஸுக்கு வந்ததாக எழுதுகிறார்.

ராஃபிள்ஸின் முகவரி இன்றும் பீச் ரோடுதான். கடற்கரைச் சாலை. நாங்கள் போன மதியம் அப்பா வாசலில் நின்று எதிரே பார்த்தார். ஆறு வழிப் போக்குவரத்து, அதைத் தாண்டி கண்ணாடிக் கோபுரங்கள். அந்த வளாகத்துக்கும் சவுத் பீச் என்றுதான் பெயர். பெயரில் மட்டும் கடற்கரை இருக்கிறது. கடலைக் கட்டம் கட்டமாகத் தூர்த்துத் தூர்த்து, கரை எங்கேயோ தள்ளிப் போய்விட்டது. சிங்கப்பூருக்கு நிலம் தேவை, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கப்பலிலிருந்து இறங்கி, கடலைப் பார்த்தபடி மூச்சு வாங்குவதற்காகக் கட்டின இடம் அது. அந்தக் கடலை எடுத்துவிட்டால் மீதி இருப்பது மிக அழகான, மிக அருமையாகப் பராமரிக்கப்படும் ஒரு கட்டடம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "மாம் 1921இல் வந்தப்போ இவ்வளவு சத்தம் இருந்திருக்காதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

ஈ அண்ட் ஓ-வில் கடல் அப்படியே இருக்கிறது. முன்னே ஃபார்குவர் தெரு, பின்னே புல்வெளி, அதன் ஓரத்தில் பழைய பீரங்கிகள், ஒரு மதில், அவ்வளவுதான், அடுத்த அடி தண்ணீர். மதிலில் கை வைத்து எட்டிப் பார்த்தால் கீழே கல்லில் அலை மோதுவது தெரிகிறது. காற்றில் கையெல்லாம் பிசுபிசுக்கிறது. முழுக்கத் தப்பித்தது என்றும் சொல்லிவிட முடியாது. மேற்கே கர்னி டிரைவ் பக்கம் திரும்பினால் அங்கேயும் கடலைத் தூர்த்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் ஹோட்டலுக்கு நேர் எதிரே இன்னும் யாரும் கை வைக்கவில்லை.

இன்னொன்றும் சேர்த்து யோசிக்க வேண்டும். ராஃபிள்ஸின் நல்ல பகுதிகளில் பலவற்றை அங்கே தங்காமலேயே அனுபவிக்கலாம். லாங் பார், கடைகள் இருக்கிற ஆர்கேட், முன்பே சொல்லி வைத்தால் மாலைத் தேநீர், எல்லாம் வெளியாட்களுக்கும் திறந்தவை. ஈ அண்ட் ஓ-வின் நல்ல நேரம் விடிகாலை. அது தங்குகிறவர்களுக்கு மட்டும்தான். ஒரு இடத்தில் மதியம் போதும், இன்னொரு இடத்தில் இரவு வேண்டும் என்று கணக்குப் போட்டபோது தம்பியும் சரி என்றான்.

ஈ அண்ட் ஓ-வில் தங்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஹெரிடேஜ் விங் பழையது, விக்டரி அனெக்ஸ் 2013இல் புதிதாகக் கட்டியது. அனெக்ஸில் நாங்கள் இருக்கவில்லை, அதனால் அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எதில் எடுத்தாலும் கடல் பார்த்த அறைதானா என்று ஹோட்டலிடமே நேராகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நான் முதலில் ஒரு முன்பதிவுத் தளத்தில் படத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டேன். பிறகுதான் சின்ன எழுத்தில் இருந்தது கண்ணில் பட்டது. ரத்து செய்து காசு திரும்பி வர மூன்று வாரம் ஆனது. கடல் தெரியாத அறை என்றால் நான் மேலே சொன்னதில் பாதிக்கு அர்த்தம் இல்லை.

சின்னக் குழந்தைகளோடு போகிறீர்கள், இரண்டே நாள்தான் இருக்கிறது, ஊரின் நடுவில் இருக்க வேண்டும், செலவு பொருட்டில்லை என்றால் ராஃபிள்ஸ் நல்ல தேர்வுதான். நடந்து திரிந்து சாப்பிடப் பிரியம் உள்ளவர்களுக்குப் பினாங்கு. சூலியா தெருவுக்கு நடந்தே போய்விடலாம். பெயரிலேயே சோழ மண்டலம் இருக்கிற தெரு. நம் ராவுத்தர், மரைக்காயர் குடும்பங்கள் வேரூன்றிய பகுதி. காவடி போலத் தோளில் சோற்றுக்கூடை சுமந்து விற்றதால் பெயர் வந்த நாசி கண்டாரை, இரவு பத்து மணிக்கு மூன்று குழம்பையும் ஒன்றாகக் கலந்து ஊற்றித் தருகிறார்கள். எழுபத்தைந்து வயதில் அப்பா இரண்டாம் முறை சோறு கேட்டார்.

மூன்றாம் நாள் காலை நான் எழுந்தபோது அப்பா அறையில் இல்லை. கீழே போனால் பீரங்கிக்குப் பக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். மணி ஏழு, இன்னும் வெளிச்சம் முழுசாக வரவில்லை. மீன்பிடிப் படகு ஒன்று விளக்கோடு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கம் வானம் வெளுக்க வெளுக்க, வடக்கே கடலுக்கு அந்தப்புறம் நீலமாக ஒரு மலை மேலெழுந்தது. முந்தின இரண்டு நாளும் மூட்டத்தில் அது தெரியவே இல்லை. கெடா மாநிலத்து ஜெராய் மலை. நம் பக்கத்திலிருந்து போன கப்பல்கள் அந்தக் காலத்தில் அடையாளம் வைத்துப் பாய் திருப்பிய மலை. அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்குக் கோயில்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

அப்பா என் தோளைத் தொட்டு விரலை நீட்டினார். "அதுதாம்மா கடாரம்" என்றார். மாம் பற்றி அன்றைக்கு அவர் பேசவே இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று நான் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகும் அங்கேயே நின்றார்.