அன்றாட வண்டிக்கு லிஃப்ட் கிட்: உயரத்துக்கு முன் எடையைப் பார்த்த அனுபவம்

வாரநாட்களில் வேலைக்கும் விடுமுறையில் காட்டுப் பாதைகளுக்கும் ஒரே வண்டியை ஓட்டுபவர் வண்டியின் உடலை உயர்த்தும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் தொகுப்பான லிஃப்ட் கிட் வாங்கப் போனால், முதலில் கேட்கப்படும் கேள்வி ‘எத்தனை அங்குலம்?’ என்பதுதான். 40 மி.மீ. உயர்த்திய வண்டியைச் சில ஆண்டுகளாக ஓட்டிவரும் நான், அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்வதே நல்லது என்று சொல்வேன். வண்டி எந்நேரமும் எவ்வளவு எடையைச் சுமக்கிறது என்பது தெரிந்துவிட்டால் ஸ்பிரிங் முடிவாகிவிடும். ஸ்பிரிங் முடிவானால் உயரத்தைப் பற்றிப் பேச அதிகம் மிஞ்சாது.

என் வண்டி ஏணி வடிவச் சட்டத்தின் மீது கட்டப்பட்டது. முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனியே ஏறி இறங்கும், சுருள் ஸ்பிரிங்குடன் கூடிய தனித்தொங்கல் அமைப்பு, பின்பக்கம் இரு சக்கரங்களையும் ஒன்றாக இணைத்து, சுருள் ஸ்பிரிங்குகள் தாங்கும் திட ஆக்சில். முன்னால் இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச்சும் நிரந்தரமாக இருக்கின்றன. பின்னால் ஒரு கருவிப் பெட்டியும் மீட்புக் கயிறுகளும் எப்போதும் கிடக்கும், மற்ற சாமான்கள் பயணத்தின்போது மட்டுமே ஏறும். கிட் வாங்குவதற்கு முன் எடைமேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறையும் முழு வண்டியையும் ஏற்றி ஒருமுறையும் நிறுத்துப் பார்த்தேன். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் ஸ்பிரிங் வாங்குவது குருட்டுக் கணக்கு.

காரணத்தை ஓர் எடுத்துக்காட்டுடன் சொல்கிறேன். பின் ஸ்பிரிங் ஒவ்வொன்றும் ஒரு மி.மீ. அமுங்க 40 நியூட்டன் விசை வேண்டும் என்று கொள்வோம். பின்னால் எப்போதும் 300 கிலோ கூடுதல் சுமை இருக்கும் என்று எண்ணி, அந்தச் சுமையில் 50 மி.மீ. உயரம் தரும்படி செய்த ஸ்பிரிங் அது என்றால், சுமை இல்லாத நாளில் பக்கத்துக்கு 150 கிலோ, அதாவது ஏறத்தாழ 1,500 நியூட்டன் குறைகிறது. வண்டியின் பின்பக்கம் மேலும் 37 மி.மீ. போல எழும்பி நிற்கும். அப்போது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர் ஏறக்குறைய முழு நீளத்துக்கு நீண்டுவிடுவதால், சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்க இடமே இருக்காது. வேகத்தடையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் பின்னால் ‘டொம்’ என்று ஓசை கேட்பதும், பின் இருக்கையில் இருப்பவர்கள் முதுகைப் பிடித்துக்கொள்வதும் பெரும்பாலும் இதனால்தான். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஒரே வண்டிக்கு இலகு, நடுத்தரம், கனம் என்று சுமைக்கேற்ற ஸ்பிரிங்குகளைத் தனித்தனியாக விற்பதன் காரணமும் இதுவே. முன்னால் நடுத்தரத்தையும் பின்னால் இலகுவானதையும் கலந்து எடுத்தேன். பயணத்தில் பின்பக்கம் சற்றுத் தாழ்வது எனக்குச் சம்மதம், ஏனென்றால் ஆண்டின் பெரும்பகுதி வண்டி காலியாகத்தான் ஓடுகிறது.

ஸ்பிரிங்கை மாற்றாமல் அதோடு ஸ்பேசர் என்ற தடிப்புத் துண்டை மட்டும் வைப்பது எளிய வழிதான். ஆனால் பழைய ஷாக் அப்சார்பரின் நீளம் மாறாததால், பின்பக்கத்தில் சக்கரம் கீழே தொங்கும் தூரம் ஏறத்தாழ ஏற்றிய உயரத்தின் அளவுக்கே குறைந்துவிடுகிறது. வண்டி பார்வைக்கு உயர்ந்திருக்கும், கரடுமுரடான பாதையில் சக்கரம் முன்னைவிடச் சீக்கிரம் தரையை விட்டு எழும்பும். காட்டுக்குப் போகாதவருக்கு அது போதும் என்றால் எனக்கு மறுப்பில்லை, அவருக்கு லிஃப்ட் எதற்கு என்பதுதான் எனக்குப் புரிவதில்லை.

ஷாக் அப்சார்பரைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நேரம் செலவிட்டேன். ஒற்றைக் குழாய் வகையில் எண்ணெய் வெளிச்சுவரைத் தொட்டபடியே இருப்பதால் வெப்பம் விரைவாக வெளியேறும். நீண்ட மண்சாலையில் வேகமாக ஓடும்போதும் அதன் பிடிப்பு எளிதில் தளராது. ஆனால் அந்த வெளிச்சுவரே பிஸ்டன் ஓடும் உருளையும் என்பதால், கல் பட்டுக் குழி விழுந்தால் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளக்கூடும். இரட்டைக் குழாய் வகை வெப்பத்தில் சற்றுச் சீக்கிரம் தளர்ந்தாலும், வெளிக்குழாயில் விழும் சிறு குழியைப் பொருட்படுத்தாது. நான் மெதுவான பாறைப் பாதைகளில் அதிகம் போவதால், பெரிய விட்டமுள்ள, நைட்ரஜன் நிரப்பிய இரட்டைக் குழாய் வகையை எடுத்தேன். எந்த வகையானாலும், அமுங்கிய ஸ்பிரிங் மீண்டும் விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அளவு அந்த ஸ்பிரிங்கின் வலிமைக்குப் பொருந்த வேண்டும். ஸ்பிரிங் ஓரிடத்திலும் ஷாக் வேறிடத்திலும் வாங்கினால் இந்தப் பொருத்தத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். முழு கிட்டாக வாங்கச் சொல்வது இதற்காகவே.

40 மி.மீ.யில் நின்றதற்கு முன்பக்க அமைப்பே காரணம். உயரம் கூடக் கூட, சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் அரை அச்சின் மூட்டுகள் கூடுதல் கோணத்தில் வளைகின்றன. ரப்பர் உறைகள் தேய்ந்து கிரீஸ் கசியத் தொடங்குகிறது. சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் மேல் ஆர்மின் பால் ஜாயிண்ட்டும் (பந்து மூட்டு) தன் எல்லையை நெருங்குகிறது. சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவான கேஸ்டர் கோணம் குறைவதால், திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராகும் தன்மையும் குறைகிறது. இவ்வகை முன்பக்கத்தில் 50 மி.மீ.யைத் தாண்டினால் மேல் ஆர்ம்களை மாற்றுவது, இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலைக் கீழிறக்குவது என்று வேலை நீண்டுகொண்டே போகும். என் உயரத்தில் தொழிற்சாலை போல்ட்டுகளைச் சரிசெய்தே வீல் அலைன்மென்ட் எண்கள் (சக்கரக் கோண அளவுகள்) உரிய வரம்புக்குள் வந்தன. சுசூகி ஜிம்னியைப் போல முன்பக்கமும் திட ஆக்சில் கொண்ட வண்டிகளுக்குச் சிக்கல் வேறு விதம்: அங்கே கேஸ்டரைத் திருத்தும் புஷ்களும் (மூட்டுகளில் உள்ள ரப்பர் வளையங்கள்), பக்கவாட்டில் ஆக்சில் நகர்வதைச் சரிசெய்ய ஆக்சிலைச் சட்டத்தோடு குறுக்கே இணைக்கும், நீளம் மாற்றத்தக்க பனார்ட் கம்பியும் தேவைப்படலாம். ஆக்சில் பக்கவாட்டில் நகரும் சிக்கல் என் பின்பக்கத்திலும் உண்டு, 40 மி.மீ.யில் அது சிறு நகர்வே என்பதால் தொழிற்சாலைக் கம்பியையே விட்டுவைத்திருக்கிறேன்.

பொருத்தும் நாளில் பக்கத்திலேயே இருப்பது நல்லது. ஆர்ம்களின் புஷ் போல்ட்டுகளை வண்டி தன் எடையோடு சக்கரங்களில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடி இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே ஓடி விரைவில் கிழிந்துவிடும். பிரேக் ஹோஸ்களும் ஏபிஎஸ் கம்பிகளும் சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் இழுபடாமல் இருக்க வேண்டும். சில வண்டிகளில் பின் ஆக்சிலோடு இணைந்த சிறு கம்பி ஒன்று, சுமைக்கேற்பப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வை இயக்குகிறது. உயர்த்தப்பட்ட வண்டியைச் சுமையற்ற வண்டி என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதைத் திருத்தி அமைக்காமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. முகப்பு விளக்குகளின் கோணத்தையும் உடனே சரிபார்க்க வேண்டும், எதிரில் வருபவருக்காக.

அன்றாட ஓட்டத்தில் மாறியவை என்னென்ன? பழைய ஸ்பிரிங்குடன் ஒப்பிட்டால் குண்டும் குழியுமான சாலையில் இப்போதைய ஓட்டம் உண்மையிலேயே மேல். நல்ல சாலையில் சிறு ஒட்டுகள் முன்னைவிடக் கூர்மையாகத் தெரிகின்றன. வளைவுகளில் உடல் சாய்வு பெரிதாகக் கூடவில்லை, அதற்கு ஸ்பிரிங்கின் கூடுதல் விறைப்பு காரணம். ஆனால் சாய்வு தெரியாததால் கவிழும் அபாயம் இல்லை என்று கொள்ளக் கூடாது. இடது, வலது சக்கரங்களின் இடைவெளி 1.5 மீட்டரும் ஈர்ப்பு மையம் 0.7 மீட்டர் உயரத்திலும் உள்ள வண்டியின் நிலைத்தன்மை எண், இடைவெளியில் பாதியை உயரத்தால் வகுக்க, 1.07, மையம் 40 மி.மீ. ஏறினால் அது 1.01 ஆகிறது. கூரை மேல் தளம் போட்டு எடை ஏற்றுபவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் எரிபொருள் சற்றுக் கூடுதலாகிறது. வயதானவர்களுக்கு ஏறுவது சிரமம், பக்கப்படி அவசியமாகிவிட்டது.

இன்னொன்று, திட ஆக்சிலில் சஸ்பென்ஷன் லிஃப்ட் டிஃபரென்ஷியலைத் தரையிலிருந்து உயர்த்துவதில்லை. அங்கே அதைச் செய்வது டயர் மட்டுமே, அதுவும் விட்டம் கூடியதில் பாதியளவு. 31 அங்குலத்திலிருந்து 33 அங்குலத்துக்குப் போனால் கிடைப்பது ஓர் அங்குலம். கூடவே வேகமானி 100 காட்டும்போது வண்டி முன்பைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். நான் பழைய அளவு டயரிலேயே தொடர்கிறேன்.

உயரத்தைச் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்து வைத்திருக்கிறேன். டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் அந்த அளவைப் பாதிப்பதில்லை. தொடக்கத்தில் ஸ்பிரிங்குகள் சில மி.மீ. படிந்தன, பிறகு அசையவில்லை. படிந்த பின்னரே இறுதி அலைன்மென்ட் செய்துகொண்டேன். இதுவரை தேய்ந்து மாற்றியவை ஷாக்கின் அடிப் புஷ்கள் மட்டுமே. அவை தனியாகக் கிடைத்ததால் வேலை எளிதில் முடிந்தது. புஷ்ஷையோ சீலையோ தனியாக விற்காமல் முழு ஷாக்கையே மாற்றச் சொல்லும் கிட்டும் சந்தையில் உண்டு என்பதால், உதிரி பாகப் பட்டியலை வாங்குவதற்கு முன்பே கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.