‘கவர்மென்ட் சப்ளையர் கார்ட்’ எடுத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் எல்லாரும் இதைத் தயவுசெய்து வாசியுங்கள். தையல் கடை, அச்சகம், சாப்பாட்டுக் கடை, பெயின்ட் வேலை, எதுவாக இருந்தாலும் சரி. அரசாங்க டெண்டருக்குத் தகுதி வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு கூட்டம் டவுனில் திரிகிறது. எங்களிடம் 48,000 ரூபா வாங்கினார்கள். காசைவிட எங்களுக்குப் பெரிய நட்டம் ஒரு வருடம் பறிபோனதுதான்.

நானும் நாத்தனாரும் தையல் கடை வைத்திருக்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் எங்களிடம் வேலை செய்கிறார்கள். பாடசாலைச் சீருடை சீசன் முடிந்ததும் மெஷின்கள் சும்மா கிடக்கும். ஆஸ்பத்திரிக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் திரைச்சீலை, படுக்கை விரிப்பு தைக்கிற ஓர்டர் கிடைத்தால் அந்தப் பிள்ளைகளுக்கு வருடம் முழுக்கச் சம்பளம் கொடுக்கலாம். இதை யாரிடமோ கேள்விப்பட்டு அந்தக் கூட்டத்து ஆள் ஒருவர் கடைக்கே வந்துவிட்டார்.

“அக்கா, நீங்க ஒன்னும் அலையத் தேவையில்ல. ஃபோர்ம் எல்லாம் சிங்களத்துல இருக்கும், நாங்களே நிரப்பிக் குடுத்துருவோம். 2025ல புதுச் சட்டம் வந்துருச்சு, இனி கார்ட் இல்லாம ஒரு கந்தோரும் ஓர்டர் தராது” என்றார்.

அரசாங்க அலுவலகங்கள் பொருளும் சேவையும் வாங்குவதற்கான புதிய கொள்முதல் வழிகாட்டல் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது உண்மை. ஆனால் எல்லா அலுவலகத்துக்கும் செல்லுபடியாகும் கார்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. உண்மையில் பாதியைச் சொல்லி, மீதிக்குப் பொய்யை ஒட்டுவதுதான் இவர்கள் வழி.

அவர் கொடுத்த பில்லில் கார்டுக்கு ஒரு தொகை, ‘சீடா பதிவு’ என்று ஒரு தொகை, ‘பீசீஏ பதிவு’ என்று ஒரு தொகை. சீடா என்பது நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குவது. கட்டடம், வீதி போன்ற நிர்மாண ஒப்பந்தக்காரர்களைத் தரம் பிரித்துப் பதிவு செய்வது அதன் வேலை. திரைச்சீலை தைக்கிற எங்களுக்கு அது எதற்கு? பீசீஏ என்பது 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் வரும் பதிவு. 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்குத்தான் அது தேவை, அதையும் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் நேரடியாகச் செய்துகொள்ளலாம். எங்கள் கடை போடக்கூடிய விலைமனு அந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூடப் போகாது. ஆக, தேவையே இல்லாத இரண்டு பதிவுகளுக்குக் காசு வாங்கி, அவற்றையும் செய்யவில்லை.

கடைசியில் கையில் கொடுத்தது லெமினேட் செய்த ஒரு நீல அட்டை. மேலே சிங்க இலச்சினை, கீழே ஓர் இலக்கம், ஒரு வட்ட முத்திரை. அதை எடுத்துக்கொண்டு ஓர் அரசாங்க அலுவலகத்தின் வழங்கல் பிரிவுக்குப் போனோம். அங்கே இருந்த மிஸ் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத எந்தத் திணைக்களம் குடுத்தது?” என்று கேட்டார். அட்டையில் எந்த அலுவலகத்தின் பெயரும் இல்லை. அவர்களுடைய பதிவுப் பட்டியலில் எங்கள் கடைப் பெயரும் இல்லை. அந்த வருடத்துக்கான விண்ணப்பம் முடிந்து பல வாரம் ஆகிவிட்டது என்று பழைய பத்திரிகை அறிவித்தலை எடுத்துக் காட்டினார். வருடம் பறிபோனது இப்படித்தான். “வேலை நடக்குது, நடக்குது” என்று அந்த ஆள் இழுத்தடித்த வாரங்களில்தான் முடிவுத் திகதியும் போயிருக்கிறது.

சரியான வழியை அந்த மிஸ்தான் பொறுமையாகத் தமிழிலேயே விளங்கப்படுத்தினார். முதலில் வியாபாரப் பெயர் பிரதேச செயலகத்தில் பதிவாகி இருக்க வேண்டும். அது எங்களிடம் இருந்தது. அப்புறம் ஒவ்வொரு அரச நிறுவனமும் அடுத்த வருடத்துக்கான வழங்குநர் பதிவுக்குத் தனித்தனியாக அறிவித்தல் போடும். பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பத்திரிகைகளில் வரும். எந்தப் பொருள், எந்தச் சேவை என்று வகை குறித்து, வகைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும். அதை அலுவலகத்தில் காசு வாங்கும் சிறாப்பரிடமோ அறிவித்தலில் குறிப்பிட்ட அரச கணக்கிலோ கட்டி, உங்கள் கடைப் பெயரில் அரசாங்கப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். ‘ப்ரொமிஸ்’ என்ற அரசாங்க மின்-கொள்முதல் தளத்திலும் நாமே பதியலாம். பதிந்த உடனே ஓர்டர் வந்துவிடாது. விலைமனு கேட்பார்கள், போட்டி போட்டுத்தான் வேலை எடுக்க வேண்டும். சிங்களப் படிவம் மட்டும் நீட்டினால் தமிழில் கேளுங்கள். தமிழும் அரச கரும மொழி, அது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அந்தப் படிவப் பயத்தை வைத்துத்தான் இவர்கள் நம் ஆட்களிடம் பிழைப்பு நடத்துகிறார்கள். எனக்கு வயிறு எரிவது அதற்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு, அதுதான் ஆபத்தானது. கையெழுத்துப் போட்ட வெற்று லெட்டர்ஹெட்டும் கடை முத்திரைப் பதிவும் கேட்டு வாங்கினார்கள். சின்னக் கொள்முதலுக்குக் குறைந்தது மூன்று விலைமனு எடுப்பது வழக்கம். உங்கள் லெட்டர்ஹெட் ஒருவர் கையில் இருந்தால், அவர் தனக்கு வேண்டிய ஆளை ஜெயிக்க வைக்க உங்கள் பெயரில் கூடிய விலையைப் போட்டு மனுக் கொடுத்துவிடலாம். நாளைக்கு விசாரணை வந்தால் மாட்டுவது நீங்கள். நாங்கள் முத்திரையை மாற்றிவிட்டு, பழையது செல்லாது என்று பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறோம். பொலிஸிலும் முறைப்பாடு போட்டாயிற்று. காசு இன்னும் வரவில்லை.

இதே நீல அட்டையை வேறு யாராவது வாங்கியிருந்தால் அட்டையையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளை அழிக்காதீர்கள். “உள்ளுக்கு இருக்கிற சேருக்குக் கொஞ்சம் குடுக்கணும்” என்று உங்களிடமும் கேட்டிருந்தால், அது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டிய விஷயம், அவர்களின் இலக்கம் 1954. முறைப்பாடு கொடுக்கப் போகிறவர்கள் ஹட்டன் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், நாங்களும் கூட வருகிறோம்.